காயாத களிமண்ணில் ஒரு யாளி

ஓவனுக்குள் வைப்பதற்கு முன் யாளியை எடை போட்டேன். நகைக்கடைகளில் இருப்பது போன்ற சின்னத் தராசு. 34 கிராம் காட்டியது. 130 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் வெந்து, ஆறி, நகத்தால் தட்டினால் 'டொக்'கென்று சத்தம் வரும் அளவுக்குக் கெட்டியான பிறகு மறுபடி தராசில் வைத்தேன். அதே 34 கிராம்.

பாலிமர் களிமண்ணில் உருவம் செய்பவர்கள் பலரும் அது ஓவனில் 'காய்கிறது' என்றுதான் பேசுவார்கள். நானும் பல காலம் அப்படித்தான் பேசினேன். ஆனால் ஒரு பொருள் காய வேண்டுமென்றால் அதிலிருந்து ஏதாவது வெளியேற வேண்டும். குயவர் வனைந்த பானை நிழலில் காயும்போது தண்ணீர் போகிறது. சூளையில் 500, 600 டிகிரியைத் தொடும்போது, களிமண் கனிமத்தின் படிகத்துக்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் போய்விடுகிறது. பானை சுருங்குகிறது. அதன்பிறகு எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அந்த மண் குழையாது. என் யாளியிலிருந்து எதுவும் போகவில்லை. எடை குறையவில்லை, உருவம் சுருங்கவில்லை. அப்படியானால் எப்படிக் கெட்டியானது? இதற்கு விடை புரிந்த பிறகுதான் நான் செய்த உருவங்கள் உடையாமல் நிற்கத் தொடங்கின.

பெயரில்தான் களிமண். உள்ளே இருப்பது பிவிசி எனும் பாலிவினைல் குளோரைடு. சில வகைகளில் நிரப்பியாகக் கொஞ்சம் வெண்களிமண் தூள் சேர்ப்பதுண்டு. உருவத்தின் வலு அதனால் வருவதில்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒரு துண்டையும் மின்கம்பியின் மேலுறை ஒரு துண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். குழாயை வளைத்தால் உடையும். உறையை விரலில் சுற்றலாம். இரண்டுமே பிவிசி. உறைக்குள் எண்ணெய் போன்ற ஒரு திரவம் கலந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு நெகிழ்வூட்டி என்று பெயர்.

பிவிசியை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பவுமன். 1872இல், வெயில் பட்ட குடுவைக்குள் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கண்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. சூடாக்கினால் ஒழுங்காக உருகுவதற்கு முன்பே சிதைந்து அமில வாயுவைக் கக்கும், ஆறினால் விறைத்துக்கொள்ளும். 1926இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் வேலை செய்த வால்டோ சீமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பிவிசியைக் கொதிநிலை மிகுந்த ஒரு கரைப்பானில் இட்டுச் சூடாக்கி ஆறவிட்டார். பசை கிடைக்கவில்லை. இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஜெல்லி கிடைத்தது. மழைக் கோட்டிலிருந்து கம்பி உறை வரை எல்லாம் அந்த ஜெல்லியின் வாரிசுகள்.

அதில் நடந்தது என்ன என்பதை இடியாப்பத்தை வைத்துச் சொல்லிவிடலாம். காலையில் பிழிந்த இடியாப்பம் மாலைக்குள் இழையோடு இழை ஒட்டிக் கட்டியாகிவிடும். பிட்டால் துண்டாகத்தான் வரும். அதன்மேல் தேங்காய்ப்பாலை ஊற்றிச் சற்று நேரம் விட்டால் இழைகள் பிரிந்து நழுவத் தொடங்கும். பிவிசியின் மூலக்கூறுகளும் நீளமான இழைகளே. ஒரு கார்பன் விட்டு ஒரு கார்பனில் குளோரின் அணு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். குளோரின் இருக்கும் இடம் சற்றே எதிர்மின் தன்மையோடும், பக்கத்து இழையின் ஹைட்ரஜன் இருக்கும் இடம் சற்றே நேர்மின் தன்மையோடும் இருப்பதால் இழைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. நெகிழ்வூட்டியின் மூலக்கூறுகள் இடையில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன.

பாலிமர் களிமண்ணைத் தயாரிப்பவர்கள் இந்தக் கதையைப் பாதியில் நிறுத்திப் பாக்கெட்டில் போட்டுத் தருகிறார்கள். அதற்குள் இருக்கும் பிவிசித் துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவு. நம் தலைமுடியின் தடிமனில் எழுபதில் ஒரு பங்கு. ஒவ்வொரு துகளும் ஒரு காய்ந்த இடியாப்பக் கட்டி. நெகிழ்வூட்டி அவற்றைச் சுற்றி நிற்கிறது. அறை வெப்பத்தில் உள்ளே நுழைய அதற்கு வலுவில்லை. கட்டிகள் திரவத்தில் வழுக்குவதால்தான் மாவு போலப் பிசைய வருகிறது. ஒரு கட்டிக்கும் அடுத்த கட்டிக்கும் இன்னும் எந்த உறவும் இல்லை.

சூடு ஏறினால் கதை மீண்டும் நகர்கிறது. 80 டிகிரியைத் தாண்டும்போது பிவிசி இழைகளின் விறைப்பு விடுகிறது. வெளியே நின்ற நெகிழ்வூட்டி விரைவாக உள்ளே இறங்க, துகள்கள் ஊறி உப்பிப் பக்கத்துத் துகள்களோடு முட்டுகின்றன. 110இலிருந்து 135க்குள், அது வகையைப் பொறுத்தது, இழைகளின் நுனிகள் எல்லை தாண்டிப் பக்கத்துத் துகளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. ஆறும்போது அங்கங்கே சில இழைகள் வரிசையாக அடுக்கி நுண்படிகங்களாகி, முடிச்சுப் போட்டது போல எல்லாவற்றையும் பிடித்துவைக்கின்றன. புதிய வேதிப்பொருள் எதுவும் பிறக்கவில்லை, எதுவும் ஆவியாகிப் போகவில்லை. வெளியே இருந்தது உள்ளே போனது. என் தராசு 34 கிராமிலேயே நின்றதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பொருள் கலைஞர்கள் கைக்கு வந்தது இரண்டு தனித்தனி வழிகளில். 1939இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே குரூஸிடம், பொம்மைத் தலை செய்ய உதவுமா என்று பார்க்கும்படி இப்படியொரு பிளாஸ்டிக் பிசைபொருள் வந்தது. அவருடைய தொழிற்சாலைக்கு அது சரிவரவில்லை. மகள் சோஃபியிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் அவருக்குச் செல்லப் பெயர் ஃபிஃபி. அவர் அதை விடாமல் பிசைந்து பார்த்து, மேம்படுத்தி, விற்கவும் தொடங்கினார். 1960களில் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் அதை வாங்கி 'ஃபிமோ' ஆக்கியது. பெயரின் முதல் எழுத்து அந்த ஃபிஃபிதான். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில், மின்மாற்றியின் மையத்திலிருந்து வெப்பத்தை வெளியே கடத்துவதற்காக ஒரு பசை தயாரித்தார்கள். அந்த வேலைக்கு அது உதவவில்லை. ஆனால் பிசைந்து, ஓவனில் சுட்டால் உருவம் அப்படியே நிற்கிறது என்பது தற்செயலாகத் தெரிந்தது. அது 'ஸ்கல்பி' ஆயிற்று. இரண்டு கதையிலும், ஒரு வேலைக்கு ஆகாதென்று ஒதுக்கிய பொருளை யாரோ ஒருவர் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு இந்தப் பொருள்மேல் இருக்கும் பிரியத்தில் பாதி அந்தக் கைகள்மேல்.

மேசை விளையாட்டுகளுக்கான கற்பனைச் சிற்றுருவங்களைச் செய்யும் தொழில்முறைச் சிற்பிகள் பெரும்பாலும் எடுத்தது பாலிமர் களிமண்ணை அல்ல, எபாக்சி புட்டியை. நீலம் ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை. சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகும். அதனால் 'கிரீன் ஸ்டஃப்' என்றே பெயர். பிசைந்த நிமிடத்திலிருந்து அதற்குள் வேதிவினை ஓடத் தொடங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் மூக்கும் முழியும் வைத்து முடித்துவிட வேண்டும். இவ்வளவு அவசரத்தை ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? உலோகச் சிற்றுருவங்களை வார்ப்பதற்கு, மூல உருவத்தை ரப்பர் தட்டுகளுக்கு நடுவே வைத்து, சூடேற்றி, பலமாக அழுத்தித்தான் அச்சு எடுப்பார்கள். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் பாலிமர் களிமண் நசுங்கிவிடும், எபாக்சி தாங்கும். அறை வெப்பத்திலேயே இறுகும் சிலிக்கோன் அச்சு எளிதில் கிடைக்கத் தொடங்கிய பிறகு அந்தத் தடை தளர்ந்தது. 

1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் பிரபலமான சில மிருகங்கள், ஆந்தைக் கரடியும் இரும்பை அரிக்கும் துருப்பூதமும், ஹாங்காங்கில் தயாரான மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை. அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், கடையில் வாங்கிய அந்த விநோதப் பொம்மைகளை மேசையில் வைத்து விளையாடி, அவற்றுக்குப் பெயரும் குணமும் கொடுத்தார். ஒரு கற்பனை மிருகம் சிறியதாகக் கைக்குள் வந்துவிட்டால் கதை தானாக அதைத் தேடி வரும் என்பதை நான் முழுக்க நம்புகிறேன். அதனால் யாளியைத் தேர்ந்தெடுத்தேன். சிங்க உடல், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண், பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் கோலம். முதுகில் 28 மில்லிமீட்டர் அளவுக் கணக்கில் ஒரு வீரன். யாளியின் உயரம் 6 சென்டிமீட்டர்.

மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் எழும்பி நிற்கும் யாளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாய்வது போல் இருந்தாலும் அதன் உடம்பு தூணோடு ஒட்டித்தான் இருக்கும். கல்லுக்கு நசுக்கும் பாரத்தைத் தாங்கத் தெரியும். இழுவையைத் தாங்கத் தெரியாது. தூணை விட்டு விலகி இரண்டு கால்களில் நின்றால் அதன் எடையே அதன் கணுக்காலை முறித்துவிடும். என் மேசையில் இருக்கும் யாளிக்கு அந்தப் பயம் இல்லை. காரணத்தை 1638இல் கலிலியோ தம் கடைசி நூலில் எழுதிவிட்டார். ஒரு பொருளை எல்லாப் பக்கமும் நாற்பது மடங்கு சிறிதாக்கினால் எடை நாற்பதின் மும்மடி அளவுக்குக் குறைகிறது. அதைத் தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ நாற்பதின் இருமடி அளவுக்குத்தான் குறைகிறது. ஆகவே சொந்த எடையால் கணுக்காலில் ஏறும் அழுத்தம் நாற்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. இரண்டரை மீட்டர் கல் யாளிக்கு முடியாத நிலை 6 சென்டிமீட்டர் யாளிக்குச் சர்வ சாதாரணம்.

ஆனால் என் விரல் சுருங்கவில்லையே. 28 மில்லிமீட்டர் வீரன் உண்மை மனிதனில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள என் விரல் நுனி அவனுக்கு 90 சென்டிமீட்டர் அகலமான தூண். என் கைரேகையின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவன் தோளில் அது பதிந்தால் ஏர் உழுத சால் போலத் தெரியும். மேலே விழுந்த ஒரு தலைமுடி அவன் உலகத்தில் நாலு மில்லிமீட்டர் தடிமனான கயிறு. சிற்றுருவம் செய்பவரின் போராட்டம் புவியீர்ப்போடு அல்ல, தன் விரலின் பருமனோடும் சூட்டோடும் ஒட்டலோடும்தான். அதனால் முகம், கை, ஆபரணம் எதையும் விரலால் தொடுவதில்லை. தையல் ஊசி, பல் குத்தும் குச்சி, நுனியில் குண்டு வைத்த எழுத்தாணி, ரப்பர் நுனித் தூரிகை. ஊசி ஒட்டினால் நுனியில் துளி டால்கம் பவுடர்.

முதலில் கம்பிக் கூடு. ஒற்றைக் கம்பியில் களிமண் பிடிக்காது. வழவழப்பான உலோகத்தோடு பிவிசிக்கு ஒட்டுறவு கிடையாது, சுற்றிச் சுழலும். மெல்லிய கம்பிகள் இரண்டை முறுக்கிக்கொண்டால் முறுக்கின் பள்ளங்களில் களிமண் இறங்கிப் பிடிக்கும். யாளியின் இரண்டு பின்னங்கால்களும், துதிக்கையும், வாலும் முறுக்குக் கம்பி. உடம்பின் நடுவில் அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி வைத்தேன். சிக்கனத்துக்காக இதைச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். வெப்பத்துக்காகச் செய்வதுதான் உண்மையில் முக்கியம். பிளாஸ்டிக்குக்குள் வெப்பம் மெதுவாகத்தான் நகரும். தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி சூடேற நான்கு மடங்கு நேரம் ஆகும். மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள முழுக் களிமண் உருண்டையின் நடு வேகவே அரை மணிக்கு மேல் வேண்டும். துதிக்கையும் காதும் அதற்கு வெகு முன்பே வெந்திருக்கும். உள்ளே தாள் உருண்டை இருந்தால் எல்லா இடத்திலும் களிமண் சில மில்லிமீட்டர் கனம்தான். எல்லாம் சேர்ந்து வேகும்.

வீரனின் முகத்தில்தான் அதிக நேரம் போனது. கணக்குப்படி அவன் தலை நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண் திறப்பு அரை மில்லிமீட்டர் நீளம், உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு. நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒன்று. 60 சென்டிமீட்டர் தள்ளி மேசையில் இருக்கும் உருவத்தில் அது 0.17 மில்லிமீட்டராகிறது. அதாவது சரியான விகிதத்தில் செய்த கண் இமைகள், பார்வை முடியும் எல்லையில் சரியாகப் போய் விழுகின்றன. முகம் இருந்தும் தெரியாது. இந்தத் துறையில் தலையையும் கையையும் வேண்டுமென்றே பெரிதாக்குவது இதனால்தான். உடற்கூற்றை மீறிய இந்த அளவை 'வீர அளவு' என்கிறார்கள். நான் தலையை ஐந்து மில்லிமீட்டர் ஆக்கினேன்.

உருண்டையைக் கம்பி நுனியில் செருகி, குண்டு எழுத்தாணியால் இரண்டு குழி. குழிகளுக்கு நடுவே எஞ்சிய மேடுதான் மூக்குத்தண்டு. அதன்மேல் எள்ளில் பாதியளவு களிமண் வைத்து ஊசியால் இரு பக்கமும் இழுத்துவிட்டால் மூக்கு. அதன் கீழே ஊசியைப் படுக்கவைத்து ஓர் அழுத்தம், வாய் வருகிறது. வாய்க்குக் கீழே இன்னொரு அழுத்தம் கொடுக்கும்போது கீழுதடு தானாகப் பிதுங்குகிறது. சரியான இடத்தில் நிழல் விழுந்தால் பார்ப்பவர் கண் மீதியை வரைந்துகொள்ளும். நானே செதுக்காத கன்னமேடு ஒன்று விளக்கைச் சாய்த்ததும் தெரிந்தபோது உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் வெகு நேரம் பார்த்தேன். யாளியின் கண்களுக்கு இவ்வளவு பாடில்லை: கேழ்வரகு அளவில் இரண்டு உருண்டைகளைத் தனியே முன்கூட்டிச் சுட்டுக்கொண்டேன். கெட்டியான விழியைப் பதித்து அதன்மேல் பச்சைக் களிமண்ணால் இமை போர்த்தினால் விழி நசுங்காது.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்யவில்லை. பதினொரு நாள் ஆயிற்று. நடுவில் நாலு நாள் ஊருக்குப் போய்விட்டேன்; வீரன் பாதி முகத்தோடு டப்பாவின் கீழ் இருந்தான், திரும்பி வந்து மீதியைச் செய்தேன். எபாக்சியும் மண்ணும் இப்படிக் காத்திருக்காது. சுவாமிமலைச் சிற்பிகளின் மெழுகு காத்திருக்கும். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, எண்ணெய் கூடினால் இளக்கம், குங்கிலியம் கூடினால் விறைப்பு என்று பதம் பார்க்கும் அந்தக் கைகள் செய்வதும் நெகிழ்வூட்டுவதைத்தான். ஆனால் மெழுகு உருவம் வார்ப்பில் உருகி ஓடிவிட வேண்டியது. பாலிமர் உருவம் தானே நிலைக்க வேண்டியது.

நம் ஊர் வெயிலுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம், களிமண்ணைக் கையில் வைத்துச் சூடாக்கி இளக்குங்கள் என்கின்றன. மே மாதத்தில் நமக்கு எதிர்ப்பிரச்சினை. கை பட்டதுமே குழைந்து ஊசிக் கோடு நிற்காது. பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் கோடு கூர்மையாக விழும். மிகவும் இளகியிருந்தால் வெள்ளைத் தாளுக்கு நடுவே இரவு முழுக்க வைத்துவிடுவேன். உபரி நெகிழ்வூட்டியைத் தாள் உறிஞ்சி, காலையில் வடைக்குக் கீழே வைத்த காகிதம் போல எண்ணெய்க் கறையோடு இருக்கும். ஒரு முறை கோடையில் கூரியர் வண்டியில் நாட்கணக்கில் கிடந்துவந்த பாக்கெட்டைப் பிரித்தேன். பிட்டால் புட்டு மாவு போல உதிர்ந்தது. வண்டியின் சூட்டிலேயே நெகிழ்வூட்டி பாதி உள்ளே இறங்கிவிட்டிருந்தது, அரை வேக்காடு. நல்ல பாக்கெட்டைக்கூடத் தெளிவான, கெட்டியான பாலிஸ்டைரீன் டப்பாவில் போடக் கூடாது. நெகிழ்வூட்டிக்கு அந்த பிளாஸ்டிக்கும் ஒன்றுதான். டப்பாவின் அடி இளகி ஒட்டிக்கொள்ளும். பாலிதீன் உறை பாதுகாப்பானது.

இனி ஓவன். என் முதல் யாளி, இதற்கு முந்தையது, பெயிண்ட் அடிக்க எடுக்கும்போது கணுக்காலில் முறிந்தது. முறிந்த பரப்பைப் பார்த்தேன்: மைசூர்பாகு போலப் பொரபொரப்பு. நன்றாக வெந்த பாலிமர் களிமண் முறிவதற்கு முன் கொஞ்சமாவது வளையும். முறிந்த இடம் மழமழவென்று இருக்கும். சந்தேகப்பட்டு ஒரு தனி வெப்பமானியை ஓவனுக்குள் வைத்துப் பார்த்தேன். குமிழ் 130இல் இருக்க, உள்ளே 104. அந்தச் சூட்டில் துகள்கள் ஊறி ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன. இழைகள் எல்லை தாண்டிச் சிக்கவில்லை. வெளியே தொட்டால் கெட்டி, உள்ளே வெறும் அடுக்கிவைத்த மணல். தீய்ந்துவிடுமோ என்ற பயத்தில் சூட்டைக் குறைப்பவர்கள் எல்லோருக்கும் இதுதான் நேர்கிறது. இட்லிப் பானையில் வேகவைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்: 100 டிகிரியில் உருவம் நிற்கும், முழு வலு வராது.

மறுபக்கத்து ஆபத்தும் உண்மையானது. 175 டிகிரியை நெருங்கிவிட்டால் பிவிசி சிதையத் தொடங்கி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் புகை அது. அந்த வாடை வந்தால் ஓவனை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதற்காகவும்தான். மைக்ரோவேவ் கூடவே கூடாது. உருவம் சுட்ட தட்டில் சமையல் செய்வதும் வேண்டாம்.

புத்தகங்கள் அழுத்திச் சொல்லாத ஒரு பத்து நிமிடம் உண்டு. ஓவனுக்குள் போனதும் களிமண் உடனே கெட்டிப்படுவதில்லை, முதலில் இளகுகிறது. துகள்கள் ஊறிப் பிணைவதற்கு முன்பே சூட்டில் எல்லாம் தளர்ந்து நிற்கும் நேரம் அது. தூக்கிய துதிக்கை அப்போதுதான் தொங்கும், வீரனின் வேல் அப்போதுதான் வளையும். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன், கை வைக்க முடியாது. அதனால் முன்கூட்டியே துதிக்கைக்கு அடியில் அலுமினியத் தாளைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, மேலே தாளால் ஒரு கூடாரமும் போட்டுவிடுவேன். மேல் கம்பியின் நேர்ச்சூடு தலையில் இறங்காது. இன்னும் நல்ல வழி, கட்டம் கட்டமாகச் சுடுவது. கம்பிமேல் மெல்லிய பூச்சு, ஒரு சூடு. தசைகள் ஏற்றி, இன்னொரு சூடு. பிடரி, நகம், ஆபரணம் வைத்துக் கடைசிச் சூடு. சரியான வெப்பம் என்றால் எத்தனை தடவை சுட்டாலும் கெடாது. வெந்த பரப்பின்மேல் பச்சைக் களிமண்ணை வைத்தால் அதன் நெகிழ்வூட்டி கீழே உள்ள வெந்த பிவிசிக்குள்ளும் இறங்கி, இரண்டையும் தைத்துவிடும்.

ஓவனை அணைத்த பிறகும் உடனே எடுக்கக் கூடாது. சூடாக இருக்கும்போது உருவம் ரப்பர் போலத்தான் இருக்கும். வேகவில்லையோ என்று தோன்றும். நுண்படிக முடிச்சுகள் ஆறும்போதுதான் விழுகின்றன. கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டு நான் வேறு வேலைக்குப் போய்விடுவேன்.

வண்ணத்துக்கு நீரில் கரையும் அக்ரிலிக் போதும். அறையின் பரவலான வெளிச்சத்தில் சிற்றுருவத்தின் பள்ளங்களில் நிழல் அழுத்தமாக விழாது.  நீர்த்த கரும்பழுப்பைப் பிடரியின் இடுக்குகளில் வழியவிட்டு, உலர்ந்த பிறகு மேடுகளில் வெளிறிய நிறத்தைத் தூரிகையால் உரசிக்கொண்டுபோனதும் யாளிக்கு எடை வந்தது. கடைசியாக விழியில் ஒரு வெள்ளைப் புள்ளி.

எந்த வார்னிஷும் சரி என்று நினைத்த காலத்தில், இன்னொரு வீரனுக்குக் கரைப்பான் கலந்த ஸ்பிரே ஒன்றை அடித்தேன். முதல் நாள் பளபளவென்று அழகாக இருந்தது. ஒரு வாரத்தில் பிசுபிசுத்தது. களிமண்ணுக்குள் இருந்த நெகிழ்வூட்டி வார்னிஷ் படலத்துக்குள் நகர்ந்து அதையும் இளக்கிவிட்டது. துடைத்தால் மறுபடி பிசுபிசுக்கும், ஏனென்றால் உள்ளிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. நாலு வருடமாக அவன் என் அலமாரியில் நிற்கிறான். போன வாரம் தூசி தட்ட எடுத்து வைத்தபோது பார்த்தேன், தோளில் என் கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு வரியாகப் பதிந்திருந்தது.